சற்று நேரம் கழித்து வாருங்கள்

மருந்தக்காவுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். மருந்துக்கடைக் கவுன்ட்டரில் நிற்கிறவள் அப்படி இருக்கலாமா என்று கேட்பவர்கள் ஒரு நாள் அங்கே வந்து நின்று பார்க்கட்டும். "பேரு தெரியலம்மா, வெள்ளையா வட்டமா இருக்கும், அதுல ரெண்டு குடு" என்று ஒருவர் கேட்பார். "உலகத்துல பாதி மாத்திரை வெள்ளையா வட்டமாத்தான் இருக்கு. டாக்டர் சீட்டோட வாங்க" என்று இவள் ஒரு அதட்டல் போடுவாள். முணுமுணுத்துக்கொண்டே போகிற ஆள் சீட்டோடு திரும்பி இவளிடம்தான் வருவார். ஏனென்றால் இவள் கையால் காலாவதியான மாத்திரை ஒன்றுகூட இதுவரை வெளியே போனதில்லை. கடையில் ஈ ஓட்டுகிற நேரம் கிடைத்தால் போதும், இழுப்பறைகளைத் திறந்து அட்டைகளைத் திருப்பித் திருப்பித் தேதி பார்க்க உட்கார்ந்துவிடுவாள்.

இவள் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டதும் கோபத்தில்தான். கடையில் பில் போடுகிற மென்பொருள் அடிக்கடி உறைந்து நிற்கும். சரிசெய்ய வருகிற ஆள், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்" என்பதைத் தவிர வேறு எதையும் சொன்னதில்லை. அதைச் சொல்ல நீ எதற்கு என்று கொதித்துப்போய், இணையத்தில் இலவசப் பாடங்களைப் பார்த்துச் சின்னச் சின்ன நிரல்களை எழுதக் கற்றாள். கற்றதோடு நிற்கிற ஜாதியா அவள்? அண்ணனுடைய விளையாட்டில் கை வைத்தாள். கதையே அங்கேதான் ஆரம்பம்.

கடைக்கு மேலே மாடியில் வீடு. அண்ணன், அண்ணி, இவள், மூன்றே பேர். அண்ணனுக்கு இரண்டு கண்ணிலும் நரம்பு கெட்டு, சில வருஷங்களுக்கு முன்னால் பார்வை முழுவதுமாகப் போய்விட்டது. வாடிக்கையாளர் சேவை மையம் ஒன்றில் போனில் பதில் சொல்கிற வேலை. அவன் மேஜையில் கீபோர்டும் ஹெட்போனும் உண்டு, மானிட்டர் கிடையாது. மானிட்டர் இருந்த இடத்தில் அண்ணி, மடித்த துணிகளை அடுக்கி வைத்திருப்பாள். "சும்மாதானே கிடக்கு அந்த இடம்" என்பாள். அண்ணனும், "எனக்கும் கண்ணுக்கு நிறைவா இருக்கு" என்பான். அந்த வீட்டில் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள், நீங்கள் பதற வேண்டாம்.

அவன் ஆடியது கோட்டை பிடிக்கிற ஆட்டம். ஐந்து பேர் ஓர் அணி. உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒன்றாகப் பேசி ஆடலாம். காலடிச் சத்தம் இடது காதில் கேட்டால் எதிரி இடது பக்கம். நடப்பதையெல்லாம் விளையாட்டு வரிவரியாக எழுதிக்கொண்டே வரும், கணினியின் பெண் குரல் அதை வாசித்துச் சொல்லும். இந்த ஆட்டத்தில் அண்ணனுக்குப் பெயர் கோடாலி. பார்வை போன புதிதில் பழைய நண்பர்கள் வீட்டுக்கு வந்து, "பாவம்" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். அப்புறம் அதற்குக்கூட யாரும் வரவில்லை. ஆட்டத்தில் அவனைப் பார்த்துப் பாவம் என்று ஒருவரும் சொன்னதில்லை. "கோடாலி வர்றான், ஓடுங்கடா" என்றுதான் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் எதையும் விட்டுக்கொடுப்பான்.

அதில் ஒரு சிக்கல். கோட்டைக்குள் வாள், கேடயம், மோதிரம், மூலிகை என்று வழியெங்கும் பொருள்கள் கிடைக்கும். கண் உள்ளவனுக்குப் படமும் பெயரும் திரையில் தெரியும். அண்ணனுக்கு வருவதோ வெறும் எண். அதன் பெயர் என்ன, சக்தி என்ன, எதை எதோடு சேர்த்துப் போட வேண்டும் என்ற விவரமெல்லாம் கம்பெனியின் இணையதளத்தில் ஓர் ஏபிஐக்குப் பின்னால் இருந்தது. மருந்தக்கா அதைக் கதவு என்றுதான் சொல்வாள். எண்ணைச் சொல்லிக் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து விவரம் வரும், அவ்வளவுதான். கம்பெனி அந்த விவரத்தைத் தமிழிலும் வைத்திருந்தது.

தன் லேப்டாப்பை அண்ணனுடைய கணினியோடு இணைத்து அவள் எழுதிய முதல் நிரல் அந்த வேலையைத்தான் செய்தது. அண்ணன் ஒரு பொருளை எடுத்ததும் கதவைத் தட்டும், பதில் வாங்கும், குரல் படிக்கும். முதல் நாள், "செம்புக் கேடயம். நெருப்பைத் தடுக்கும்" என்று அந்தக் குரல் செய்தி வாசிப்பது போலச் சொன்னபோது அண்ணன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். ஆனால் மாலை நேரத்தில் ஊர் உலகமெல்லாம் அதே கதவைத் தட்டும். பதில் ஆடி அசைந்து வந்து சேருவதற்குள் எதிரி நெருப்பைக் கக்கிவிட்டுப் போயிருப்பான். அணியில் மற்றவர்கள் அடுத்த மாடிக்கு ஏறியிருப்பார்கள், கோடாலி கீழே பொசுங்கிக் கிடப்பான்.

அணித் தலைவனுக்குப் பெயர் மேஸ்திரி. கட்டட வேலையில் நிஜமாகவே மேஸ்திரி, இளைஞன், தங்கமான குணம். "பரவாயில்லண்ணே, பாத்துக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு மாதத்தை ஓட்டினான். வருஷாந்திரப் பெரிய போட்டி நெருங்க நெருங்க, அந்தப் பரவாயில்லை மெலிந்துகொண்டே வந்தது. அண்ணன் பதில் சொல்கிற தொனியிலேயே மருந்தக்காவுக்கு அது தெரிந்தது.

யோசனை கடையில்தான் உதித்தது. ஒருவர் காய்ச்சல் மாத்திரை கேட்டார், கை தானாக இழுப்பறைக்குப் போய் எடுத்துக் கொடுத்தது. கொடுத்த கை அப்படியே நின்றது. ஒவ்வொரு மாத்திரைக்கும் மொத்த வியாபாரியின் கிடங்குக்கு ஓடினால் கடை நடக்குமா? "அட மக்கு!" என்று தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். மாத்திரை வாங்கியவர் தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து மிரண்டுபோனார்.

எல்லாப் பொருள்களின் விவரத்தையும் ஒரே தடவை இறக்கி வீட்டுக் கணினியிலேயே வைத்துக்கொள்வது. அப்புறம் கதவும் வேண்டாம், தட்டவும் வேண்டாம். கணினி படித்தவர்கள் இதைக் கேஷ் என்பார்கள், இவள் இழுப்பறை என்றாள். முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரைக்கும் கேட்டு வாங்கிச் சேமிக்கச் சொல்லி நிரலை ஓடவிட்டாள். அது ஓடியது பாருங்கள், பிசாசு வேகம்! மத்தியானச் சாப்பாட்டுக்கு மாடிக்கு வருவதற்குள் எல்லா எண்ணும் நிரம்பியிருந்தது. எடுத்துப் பார்த்த முதல் சில பொருள்கள் கச்சிதமாக இருந்தன. அதற்கு மேல் பார்ப்பானேன்? "அண்ணா, இன்னிக்கு நீ பறக்கப் போற" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அன்று மாலைப் பயிற்சி ஆட்டம். ஆரம்பம் அமர்க்களம். எடுத்த மாத்திரத்தில் குரல் சொல்லியது, கோடாலி எல்லோருக்கும் முன்னால் ஓடினான். "அண்ணே, என்ன சாப்ட்டீங்க இன்னிக்கு?" என்று மேஸ்திரி வியந்தான். மூன்றாம் மாடியில் தலை மூன்று உள்ள ராட்சசன் எதிரே வந்தான். அண்ணன் கீழே கிடந்த வாளை எடுத்தான். அந்தச் செய்தி வாசிக்கும் குரல் மிக மரியாதையாகச் சொன்னது: "அதிகமாகக் கேட்கிறீர்கள். சற்று நேரம் கழித்து வாருங்கள்."

அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாளைப் போட்டுவிட்டுக் கேடயத்தை எடுத்தான். "அதிகமாகக் கேட்கிறீர்கள். சற்று நேரம் கழித்து வாருங்கள்." மூலிகையை எடுத்தான். அதற்கும் அதே பதில்.

"ஏ வாலு! ராட்சசன் என் கழுத்தைப் பிடிச்சிருக்கான், உன் பொம்பள என்னைக் கொஞ்ச நேரம் கழிச்சு வரச் சொல்றா!" என்று தங்கையைக் கூப்பிட்டு வீடு அதிரக் கத்தினான். அதை ஹெட்போனில் கேட்ட நான்கு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்த வாயோடு ஐந்து பேரும் அங்கேயே செத்தார்கள். அணி அந்த வாரம் தோற்ற முதல் ஆட்டம் அது.

சிரிப்பு அடங்கியதும் மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டான். "கோடாலி அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ஞாயித்துக்கிழமை போட்டி. வேற ஒருத்தர் வர்றேங்கறாரு. இந்த ஒரு தடவை மட்டும் அவர ஆட விடலாமா? நீங்க நம்ம கூடவேதான் இருப்பீங்க, பேசிக்கிட்டு."

"ஆங், ஆங். அதுக்கென்ன" என்றான் அண்ணன். ஹெட்போனைக் கழற்றி, ஒயரை நிதானமாகச் சுற்றி, மடித்த துணிகளின் மேல் வைத்தான். பிறகு, "தூக்கம் வருது" என்றான். பொழுது அப்போதுதான் சாய்ந்திருந்தது.

மருந்தக்கா அறைக்குள் போய் ஒரு பாட்டம் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். சேமித்ததை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கப் பார்க்கத்தான் விஷயம் புரிந்தது. இவள் மூச்சு விடாமல் தட்டியதில் கதவு கடுப்பாகியிருக்கிறது. கொஞ்ச நேரம் பொருளைக் கொடுத்த கதவு, அப்புறம் ‘கழித்து வாருங்கள்’ என்று விரட்டத் தொடங்கியிருக்கிறது. இவளுடைய நிரலோ அந்த விரட்டலையும் பொருள் என்று எண்ணி, எண் போட்டு, பத்திரமாக இழுப்பறையில் அடுக்கியிருக்கிறது. ஒன்றா இரண்டா, முக்கால்வாசி இழுப்பறையும் அதேதான்.

பின்னால் வந்து நின்ற அண்ணி எட்டிப் பார்த்தாள். "அப்போ மாத்திரை கேட்டு ஆள் அனுப்புனா, அவன் ‘ஸ்டாக் இல்ல’ன்னு எழுதிக் குடுத்த சீட்டை நீ டப்பாவுல போட்டு வச்சு, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு முழுங்குன்னு குடுத்திருக்க."

"அண்ணி, நானே நொந்து போயிருக்கேன்."

"நொந்துக்கோ, யாரு வேணாம்னா? ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. உங்க அண்ணன் தூக்கம் வருதுன்னு சொல்லிட்டு உள்ள சுவரப் பாத்துட்டு உக்காந்திருக்காரு. நேத்து வரைக்கும் சாப்பாட்டுத் தட்டுல கூட கோட்டையப் பத்திதான் பேசுவாரு. ஞாயித்துக்கிழமைக்குள்ள இதச் சரி பண்ணு. இல்லன்னா இந்த வீட்ல நிம்மதியா ஒரு வாய் சோறு இறங்காது." சொல்லிவிட்டு ஒரு டம்ளர் டீயை ணங்கென்று வைத்துவிட்டுப் போனாள். அண்ணியின் பாசம் அப்படித்தான் சத்தம் போடும்.

மருந்தக்கா எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். கதவிலிருந்து வந்தது பொருள்தானா, விரட்டலா என்று பார்த்த பிறகுதான் இழுப்பறையில் வைக்க வேண்டும். ஒரு தடவை தட்டினால் மூச்சு வாங்கிக்கொண்டுதான் மறுபடி தட்ட வேண்டும். விரட்டினால் இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். இவ்வளவையும் எழுதி முடித்தவளுக்கு, மருந்துக்கடை புத்தி சும்மா இருக்கவில்லை. அட்டைக்கு அட்டை தேதி பார்க்கிறவள் இதை மட்டும் தேதியில்லாமல் வைப்பாளா? கம்பெனி அவ்வப்போது பொருள்களின் சக்தியை மாற்றும். ஆகவே, மாற்றம் வந்ததா என்று நிரல் அவ்வப்போது ஒரு வார்த்தை விசாரிக்கும். வந்திருந்தால் மாறியவற்றை மட்டும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகக் கேட்டு வாங்கும்.

இந்த முறை நிரல் பிசாசு வேகத்தில் ஓடவில்லை, நல்ல பிள்ளையாகக் கதவில் காத்து நின்று ஒவ்வொன்றாக வாங்கி வந்தது. அந்த வாரம் முழுக்கக் கணினியை அணைக்கவே இல்லை. அண்ணி துணி மடித்து வைக்கிற சாக்கில் வந்து, "எங்க வரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்பாள். கடையில் கூட்டம் குறைந்தால் இவள் மாடிக்கு ஓடுவாள். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவன் நாற்காலி தினமும் கணினிக்குக் கொஞ்சம் பக்கமாக நகர்ந்திருந்ததை இவள் கவனிக்காமல் இல்லை.

சனிக்கிழமை கடைசிப் பொருளும் வந்து சேர்ந்தது. இந்தத் தடவை முதல் நாலைப் பார்த்துவிட்டுக் குதிக்கவில்லை. கண்ட இடத்திலெல்லாம் கை விட்டு எடுத்துப் பார்த்தாள். எல்லாம் பொருள், ஒரு விரட்டல்கூட இல்லை. உடனே அண்ணனைக் கணினி முன்னால் உட்கார வைத்து, மேஸ்திரியைப் போனில் பிடித்தாள்.

"தம்பி, நான் கோடாலியோட தங்கச்சி. எங்க அண்ணனுக்கு இடம் குடுங்கன்னு கேக்க வரல. எந்தப் பொருளோட நம்பர வேணும்னாலும் கேளுங்க. நீங்க கேட்டு வாய மூடறதுக்குள்ள அவர் பதில் சொல்லலேன்னா, நானே உங்க புது ஆளுக்குக் கைதட்டறேன்."

"அக்கா, எனக்கும் மனசு கேக்கல. ஆனா போட்டியாச்சே…"

"கேளுங்கன்னா கேளுங்க!" அது கவுன்ட்டர் அதட்டல். மேஸ்திரி மறுபேச்சில்லாமல் கேட்டான்.

அண்ணன் முதல் பதிலைக் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னான். இரண்டாவதற்குக் குரல் நிமிர்ந்தது. அப்புறம் மேஸ்திரி பாதி எண்ணைச் சொல்லும்போதே இவன் விரல் தட்டியது, குரல் படித்தது, இவன் அதோடு சேர்த்து, "இது கூட வெள்ளி மோதிரம் போட்டா விஷம் ஏறாது, தெரியுமா மேஸ்திரி?" என்று ஒரு கொசுறும் போட்டான். "அண்ணே, எனக்கே இது தெரியாது. நாளைக்கு நீங்க ஆடறீங்க. புது ஆள்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றான் மேஸ்திரி. அண்ணன் போனை வைத்துவிட்டுத் தங்கையின் தலைமுடியைப் பிடித்து ஓர் இழு இழுத்தான். அவர்கள் சின்ன வயதில் சந்தோஷம் வந்தால் அப்படித்தான்.

ஞாயிறு காலை குண்டு ஒன்று விழுந்தது. போட்டி நாளாயிற்றே, சும்மா விடுவார்களா? கம்பெனி பொருள்களின் சக்தியை மாற்றியிருந்தது. மருந்தக்கா பல்லைக் கடித்துக்கொண்டு லேப்டாப் திரையைப் பார்த்தாள். நிரல் தானாகவே விசாரித்தது, மாறியவை எவை என்று தெரிந்துகொண்டது, அவற்றை மட்டும் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை வாங்கி வைத்தது. அண்ணி டீ போட்டு முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

போட்டி தொடங்கியது. ஆட வந்த அத்தனை அணிகளும், வேடிக்கை பார்க்க வந்த கூட்டமும், ஒரே நேரத்தில் புதுச் சக்திகளைத் தெரிந்துகொள்ளக் கதவை மொய்த்தார்கள். கதவுக்கு எவ்வளவுதான் பொறுமை இருக்கும்? இரண்டாம் மாடி ஏறும்போது மேஸ்திரியின் குரல் உடைந்தது. "அண்ணே, என் பக்கத்துல எந்தப் பொருளோட சக்தியும் வரமாட்டேங்குது. ‘சற்று நேரம் கழித்து வாருங்கள்’னு வருது. எல்லாருக்கும் அதே. என்ன எடுக்கறதுன்னே தெரியலையே, போச்சு!"

அண்ணன் சிரித்தான். இத்தனை வருஷத்தில் மருந்தக்கா கேட்டிராத சிரிப்பு. "அந்தப் பொம்பள எனக்குப் பழக்கம்தான். கவலைப்படாதீங்க. என்ன கிடைச்சாலும் எனக்குச் சொல்லுங்க, எதை யார் போடணும்னு நான் சொல்றேன். எல்லாரும் என் பின்னாடி வாங்க."

வந்தார்கள். கோடாலி முன்னால் போனான், நான்கு பேரும் அவன் சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள். "நீ ஈட்டிய எடு. மேஸ்திரி, அந்த மோதிரத்தக் கழட்டு, இன்னிக்கு அது உதவாது." அந்த மூன்று தலை ராட்சசன் வந்தான், வந்த வேகத்தில் விழுந்தான். மருந்தக்காவும் அண்ணியும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஒருவர் கையை ஒருவர் நசுக்கிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி வாசலில் இரண்டே அணிகள் மிச்சம். வாசலைக் காப்பது நெருப்பு கக்கும் நாகம். எதிரணிக்காரர்கள் போன வருஷம் ஜெயித்தவர்கள், பழம் தின்று கொட்டை போட்டவர்கள். அவர்கள் பார்த்ததும் செம்புக் கேடயத்தை எடுத்து மாட்டினார்கள். நெருப்பென்றால் செம்புக் கேடயம், அது ஆட்டம் பிறந்த நாளிலிருந்து எல்லோருக்கும் தெரிந்த பாடம். மேஸ்திரியும் பாய்ந்துபோய் அதையே எடுத்தான்.

"போடாத!" என்று அண்ணன் போட்ட சத்தத்தில் அடுக்கிய துணி சரிந்தது. "காலைல மாத்திட்டாங்க. இப்போ அது விஷத்தத்தான் தடுக்கும். நெருப்புக்குக் களிமண் கேடயம். மூலையில கிடக்கே, யாருமே எடுக்காதது, அதுதான்!"

மேஸ்திரி ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. நாகம் ஒரே ஒரு மூச்சு விட்டது. செம்பு மாட்டிய அணி மொத்தமாகப் பொசுங்கியது. களிமண் கேடயங்களுக்குப் பின்னாலிருந்து எழுந்த கோடாலி, நாகத்தின் கழுத்தில் ஒரே போடாகப் போட்டான். கோட்டைக் கதவு திறந்து முரசு முழங்கியது. ஹெட்போனைத் தாண்டிக்கொண்டு நான்கு பேரின் கூச்சல் அறைக்குள் கேட்டது. அண்ணி, இந்த ஆட்டத்தில் எது வால் எது தலை என்று தெரியாத அண்ணி, "ஜெயிச்சிட்டாரு! என் வீட்டுக்காரரு ஜெயிச்சிட்டாரு!" என்று ஜன்னலைத் திறந்து தெருவுக்கே சொன்னாள்.

அண்ணன் அழுதுகொண்டிருந்தான். அதை மறைக்கவும் இல்லை. "எல்லாரும் என் பின்னாடி வந்தாங்க, வாலு. கேட்டியா?" என்றான். "கேட்டேன், கேட்டேன். மூக்கத் துடை முதல்ல" என்றாள் மருந்தக்கா. அவள் மூக்கும் துடைக்கிற நிலையில்தான் இருந்தது.

கூச்சல் ஓய்ந்த பிறகு மேஸ்திரி மெல்லப் பேச்செடுத்தான். பாவம், உறுத்தல் அவனுக்கும் இருந்திருக்கிறது. "அண்ணே, அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அடுத்த வருஷமும் எங்களோட ஆடுவீங்கல்ல? நீங்கதான் தலைவரா இருக்கணும்."

அண்ணன் ஹெட்போனின் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். முதுகை நிமிர்த்தினான். செய்தி வாசிக்கும் அந்தக் குரலில், ஓர் எழுத்து பிசகாமல் சொன்னான்.

"அதிகமாகக் கேட்கிறீர்கள். சற்று நேரம் கழித்து வாருங்கள்."